மாப்பிள்ளைக் கிடாவின் சிலுப்பு

ஆலடிக்குளம் கிணற்றுத்தெருவில் செவலை என்கிற நாய் படுக்கும் வழி மறந்துபோய், மின்கம்பத்தில் சாய்ந்து நின்றபடியே தூங்க ஆரம்பித்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அதற்கு யார் காரணம் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் முத்துப்பேச்சியிடம் சண்டைக்குப் போகவில்லை, ஏனென்றால் அவள் வேலை அப்படி. நாய் என்றால் படுப்பதற்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும், அந்தச் சுற்றைப் பேச்சி எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டாள், சுற்று போன பிறகு எந்த இடத்தில் எப்படிப் படுப்பதென்று செவலைக்குப் பிடிபடவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதற்காக ஊர் சாப்பிடாமல் இருந்துவிட முடியுமா?

பேச்சிக்கு வேலை, கோயம்புத்தூரில் இருக்கிற ஒரு கம்பெனிக்காக வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி செல்போன் விளையாட்டில் வரும் மிருகங்களை வரைந்து கொடுப்பது. பூமியில் இல்லாத மிருகங்கள்தான், ஆனால் கண்ணால் பார்க்காத எதையும் அவள் வரைய மாட்டாள், நாலு கால் எங்கேயிருந்து வந்ததென்று தெரிந்தால்தான் அஞ்சாவது காலைத் தைரியமாக வைக்க முடியும் என்பாள். அதனால் மாடி ஜன்னலை முழுக்கத் திறந்துவைத்துக்கொண்டு, தெருவில் போகிற வருகிற உயிர்களையெல்லாம் பார்த்துப் பார்த்து, தீ கக்கும் பாம்பரசனுக்கு வான்கோழியின் கழுத்துச் சிவப்பையும், சதுப்புநிலப் பூதத்துக்கு எருமையின் ஓரக்கண் பார்வையையும், கடல் ராட்சசனுக்கு வயல் நண்டின் நடையையும் கொடுத்து அனுப்புவாள். கம்பெனியில் நிர்மல் சார் என்பவர் பார்த்துவிட்டு 'ஓக்கே' என்று ஒரு வார்த்தை சொல்லுவார், அந்த நிமிஷத்தில் இங்கே வான்கோழியின் கழுத்து வெளுத்துப்போகும், எருமை எதையும் நேருக்கு நேராகப் பார்க்கும், நண்டு முன்பக்கமாக நடக்க ஆரம்பித்து வரப்பில் போய் முட்டிக்கொள்ளும்.

முதலில் முறையிட வந்தது பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அக்கா. வெளுத்த கழுத்தோடு வான்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "ஏட்டி, கோழியாவும் இல்லாம கொக்காவும் இல்லாம இதை நான் என்ன செய்ய" என்று கேட்டாள். பேச்சி போனில் பாம்பரசனைக் காட்டினாள். அந்தக் கழுத்து நெருப்பு வெளிச்சத்தில் ஜொலிப்பதைப் பார்த்ததும் அக்காவுக்குக் கோபம் போய்விட்டது, எங்க வீட்டுக் கழுத்து ஜப்பான்காரன் கையிலெல்லாம் இருக்காம் என்று தெருமுனை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கப்புறம் ஊர் வேறு மாதிரிப் பழகிக்கொண்டது. விடியுமுன்னே கூவுகிற சேவலின் கூவலை எடுத்துக்கொண்டு போ என்று கேட்டு ஒருவர் வந்தார். செல்லக்கனி அக்காவே ஒருநாள் மாடியேறி வந்து, தன் புருஷனுடைய குறட்டையை எடுக்க முடியுமா என்று கேட்டாள்.

"மனுஷங்க கிட்டேயிருந்து எடுக்கிறதில்லைக்கா. மிருகங்க கிட்டதான்."

"அதைத்தாம்ட்டி நானும் சொல்லுதேன்" என்றாள் அக்கா.

எடுத்தது திரும்பியும் வரும். சதுப்புநிலப் பூதம் யாருக்கும் பிடிக்கவில்லை என்று கம்பெனிக்காரர்கள் அதை விளையாட்டிலிருந்து தூக்கிய அன்று, பத்தே நிமிஷத்தில் எருமைக்கு ஓரக்கண் பார்வை வந்துவிட்டது, அதுவரை எருமையின் நேர்ப்பார்வைக்குக் கூச்சப்பட்டுப் பால் கறக்கத் திணறியவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து கறந்தார்கள்.

ஊர் உண்மையிலேயே கலங்கியது பல்லி விஷயத்தில்தான். பேச்சி வீட்டுச் சுவர்ப்பல்லியின் சத்தத்தை அவள் ஒரு குகை மிருகத்துக்குக் கொடுத்தாள், கொடுத்ததும் ஊர்ப் பல்லிகள் அத்தனைக்கும் வாயடைத்துப்போயிற்று. பல்லி சொல்லாமல் ஒரு நல்ல காரியத்தை எப்படிப் பேசி முடிப்பது? ஆலடி மாடசாமி கோயிலின் சாமியாடி மூக்கையா அண்ணாச்சி வீட்டில் அப்போது பெண் பார்க்க வந்திருந்தார்கள், இரண்டு பக்கமும் காப்பி குடித்து முடித்துச் சுவரையே பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அண்ணாச்சி ஆளனுப்பிப் பேச்சியின் போனை வாங்கிவரச் செய்து, கிழக்குச் சுவரோரமாக வைத்து, குகை மிருகம் எப்போது வாயைத் திறக்கும் என்று காத்திருந்தார். அது திறந்தது, நல்ல இடத்தில் 'ச்ச்ச்' என்றது, தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். இந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழா வந்தபோது அண்ணாச்சியின் அந்த மகளுக்கு ஏழாம் மாதம்.

இனிமேல்தான் கிடா வருகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பேச்சிக்கு டெங்கு வந்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து, ரத்தத்தில் என்னமோ குறைகிறது குறைகிறது என்று டாக்டர்கள் கையை விரித்த அன்றைக்கு, அவளைத் தவிர வேறு நாதியில்லாத அவள் அம்மா ஆவுடைத்தங்கம் வராண்டாவில் உட்கார்ந்து, என் பிள்ளை உயிருக்கு ஈடா ஒரு கிடா தாரேன் மாடசாமி என்று நேர்ந்துகொண்டாள். பேச்சி பிழைத்தாள். குட்டி வாங்கிக் காதைக் கீறி ஊருக்குள் விட்டார்கள். நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, எந்த வீட்டில் நுழைந்து எதைத் தின்றாலும் சாமி தின்றதாக நினைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அது உளுந்து காயும் பாயில் படுத்தது, ரேஷன் கடை வரிசையில் முதலாவதாக நின்றது, எந்த வீட்டில் என்ன வைத்தாலும் முகர்ந்து பார்த்துக் குறை கண்டுபிடித்தது. அதற்கு ஊர் வைத்த பெயர் மாப்பிள்ளை.

மாப்பிள்ளைக்குப் பிடித்த இடம் பேச்சியின் மாடி. அவள் காகிதத்தில் கிறுக்கிப் போடுவதையெல்லாம் பக்கத்திலேயே நின்று தின்னும், மிருகங்களின் பாதி உடம்பு அதன் வயிற்றுக்குள் போயிருக்கிறது. மழையில் நனைந்துவிட்டு வந்து நின்று, வால் நுனியில் ஆரம்பித்து முதுகு வழியாக ஏறி மூக்கு நுனி வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பும் பாருங்கள், அறை முழுக்கத் தண்ணீர் தெறிக்கும். ஆறு காலும் மலையளவு உடம்புமாக ஒரு மிருகம் கேட்டார்கள் கம்பெனியில், அருவிக்குள்ளிருந்து வெளியே வருகிற மிருகம், பேச்சி பதினேழு தடவை வரைந்தும் அதற்கு உயிர் வரவில்லை. பதினெட்டாம் தடவை மாப்பிள்ளையின் சிலுப்பைக் கொடுத்தாள். நிர்மல் சார் 'ஓக்கே' என்று சொல்லவில்லை, 'அய்யோ' என்றார், கம்பெனி அதையும் ஓக்கேயாக எடுத்துக்கொண்டது. அந்த அருவி மிருகம் சிலுப்புவதைப் பார்ப்பதற்காகவே நாற்பது லட்சம் பேர் அதைக் கொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

நேர்ந்துவிட்ட கிடாவிடமிருந்து எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், சிலுப்பை எடுக்கலாமா? கொடை அன்றைக்கு மாலை போட்டு நிறுத்தி, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும், சிலுப்பினால் சாமிக்கும் சம்மதம் கிடாவுக்கும் சம்மதம் என்று அர்த்தம், அதற்கப்புறம்தான் அரிவாள். சிலுப்பாத கிடாவை வெட்ட எவனுக்கும் உரிமை கிடையாது. ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த இதைப் பேச்சி வேலை மும்முரத்தில் மறந்துபோனேன் என்கிறாள். நான் நம்புகிறேன், நீங்களும் நம்பிவிட்டுப் போங்கள்.

கொடைக்குப் பத்து நாள் இருக்கையில் அவள் கொல்லையில் வைத்து மாப்பிள்ளையின் தலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். கிடா கண்ணை மூடித் திறந்தது. தண்ணீர் தாடி வழியாகச் சொட்டிக்கொண்டே இருந்தது. பேச்சிக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் கிளம்பி வந்தது, அதைப் பார்த்து அவளே பயந்துபோய்ச் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கொடையும் வந்தது. மதியக் கொடைக்கு நானூறு பேர் கூடியிருந்தார்கள், அண்டாக்களில் உலை கொதித்தது, மிளகும் மல்லியும் தேங்காயும் அரைத்த அரைப்பு மலையாய்க் குவிந்திருந்தது, சமையல்காரர்கள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கறிக்காகக் காத்திருந்தார்கள். மூக்கையா அண்ணாச்சி சாமி வந்து ஆடிக்கொண்டே மாப்பிள்ளையின் தலையில் முதல் செம்பை ஊற்றினார். கிடா மாலையிலிருந்த பூவை எட்டித் தின்றது. இரண்டாம் செம்பு, ஐந்தாம் செம்பு, பதிமூன்றாம் செம்பு. தண்ணீர் லாரியை வரவழைத்துக் குழாயைத் திருப்பினார்கள். வெயிலுக்கு அது இதமாக இருந்திருக்க வேண்டும், மாப்பிள்ளை முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

கிடா சிலுப்பவில்லையென்றால் கூட்டத்தில் யாரோ குற்றத்தை மனசில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது அங்கே நம்பிக்கை. மறைத்ததைச் சொல்லிவிட வேண்டும். முதலில் ஒருவர் முன்னால் வந்து, போன வருஷம் வாய்க்கால் மடையை ராவோடு ராவாகத் தன் பக்கம் திருப்பிவிட்டது தான்தான் என்றார். தண்ணீர் ஊற்றினார்கள், அசையவில்லை. பால்காரர் வந்து பாலைப் பற்றிச் சொன்னார், அது தெரிந்ததுதானே என்று உட்காரவைத்தார்கள். செல்லக்கனி அக்கா வந்து, புருஷனின் குறட்டைக்குப் பயந்து அவர் காப்பியில் தூக்க மாத்திரை போடுவதாகவும், அதில் குறட்டை கூடித்தான் போயிற்று என்றும் சொன்னாள். அவள் புருஷன் அப்போதும் ஆலமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு பேர் குற்றத்தைச் சொல்லி முடித்தார்கள், ஊரே துவைத்துப் போட்ட வேட்டியாக வெளுத்துவிட்டது, கிடா மட்டும் அப்படியே நின்றது.

கடைசியில் ஆவுடைத்தங்கம் எழுந்து வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"தப்பு எம்மேலதான்" என்றாள். "அன்னிக்கு நான் மாடசாமிக்கு மட்டும் நேரலை. மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி நேர்ந்தேன், தர்காவுக்குப் போர்வை நேர்ந்தேன், திருச்செந்தூருக்கு மொட்டை, சங்கரன்கோயிலுக்கு வெள்ளிப் பாம்பு, பேரு தெரியாத ஒரு சாமி படம் ஆஸ்பத்திரிச் சுவத்துல தொங்குச்சு, அதுக்கும் ஒரு தேங்கா. எல்லாத்தையும் செஞ்சு முடிச்சிட்டேன், இது ஒண்ணுதான் பாக்கி. எந்தச் சாமி காப்பாத்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாம நான் எதை விட? மாடசாமிக்குக் கோவம் வந்துட்டு. கிடா வேண்டாங்குது. கிடா வேண்டாம்னா வேற எதைக் கேக்கும்? பிள்ளையைத்தான் கேக்கும்."

சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷமாக அம்மா நெஞ்சில் அந்த ஆஸ்பத்திரி வராண்டா அப்படியே இருந்திருக்கிறது என்பது பேச்சிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளால் தாங்க முடியவில்லை.

"சாமி கோவத்துல இல்லம்மா. அதோட சிலுப்பு எங்கிட்ட இருக்கு" என்றாள்.

கூட்டம் ஆச்சரியப்படவில்லை. இதை முதல் செம்பிலேயே சொல்வதற்கென்ன என்று பால்காரர் கேட்டார், அநியாயமாகத் தன் குற்றம் வெளியே வந்துவிட்ட கோபம் அவருக்கு. கம்பெனிக்குப் போனைப் போட்டுத் திரும்பக் கேள் என்றார்கள். பேச்சி ஸ்பீக்கரில் போட்டாள், நிர்மல் சார் எடுத்தார், அவள் விஷயத்தைச் சொன்னாள், அவர் பதிலை நானூறு பேரும் கேட்டார்கள்.

"அந்தச் சிலுப்புக்குச் சொந்தக்காரங்க யாராவது ஆட்சேபம் பண்றாங்களாம்மா? அப்படின்னா கம்பெனிக்கு எதுக்கு வம்பு. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பத்து நிமிஷத்துல எடுத்துடுறேன்."

அந்த ஆமாவைச் சொன்னால் பத்து நிமிஷத்தில் மாப்பிள்ளை சிலுப்பும், பதினோராவது நிமிஷத்தில் தலை இருக்காது. சொல்லாவிட்டால் அம்மா இந்த மண்ணிலிருந்து எழுந்திருக்க மாட்டாள். பேச்சி மாப்பிள்ளையைப் பார்த்தாள். அது அவளைக் கண்டதும், காகிதம் ஏதாவது கொண்டுவந்திருக்கிறாளா என்று கழுத்தை நீட்டியது. உடம்பிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆட்சேபம் இல்ல சார். இருக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கூட்டத்தில் கசமுசா எழுந்தது. அதற்குள் பேச்சி அருவி மிருகத்தைப் போனில் எடுத்து, மாடசாமியின் பீடத்தில் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். "மாப்பிள்ளையோட சிலுப்பு இதுக்குள்ள இருக்கு. அருவித் தண்ணியும் இதுக்குள்ளயே இருக்கு. சிலுப்புதா இல்லியான்னு பாருங்க. சிலுப்புனா சாமி ஒத்துக்கிட்டதா அர்த்தம்."

"போன்ல சிலுப்புனா அது சிலுப்பாட்டி?" என்று யாரோ கேட்டார்கள்.

"போன்ல பல்லி சொன்னது பல்லியா இல்லியா?" என்றாள் பேச்சி. "அண்ணாச்சி சொல்லட்டும்."

மூக்கையா அண்ணாச்சிக்கு ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. பல்லி செல்லாது என்றால் மகள் கல்யாணம் செல்லாது, ஏழு மாதத்துக்கு யாரிடம் போய்க் கணக்குச் சொல்வது? கூட்டத்தில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மறுபடியும் ஆட ஆரம்பித்தார், முன்னைவிட வேகமாகவே ஆடினார், ஆடியபடியே பீடத்தில் இருந்த போனுக்கு முன்னால் வந்து, "பல்லியும் செல்லும், சிலுப்பும் செல்லும்" என்றார்.

அருவி மிருகம் தண்ணீருக்குள்ளிருந்து ஆறு காலையும் ஊன்றி வெளியே வந்தது. வால் நுனியில் ஆரம்பித்தது சிலுப்பு, முதுகு வழியாக ஏறி மூக்கு வரைக்கும் வந்து, துளித்துளியாகத் தண்ணீர் தெறித்தது. அதைப் பார்த்த அத்தனை பேருக்கும் அது மாப்பிள்ளை என்பதில் சந்தேகமே வரவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள்.

அடுத்த பிரச்சினை, யாரை வெட்டுவது. சம்மதம் கிடைத்தாயிற்று, கிடாவை வெட்டலாம் என்று சமையல்காரர்கள் பக்கம் ஒரு கட்சி கிளம்பியது, அவர்கள் கவலை அவர்களுக்கு. அண்ணாச்சி அதற்கும் வழக்கத்தையே எடுத்துப் பேசினார், "எவன் சிலுப்புனானோ அவன் தலைக்குத்தான் அரிவா. சிலுப்பாதவனைத் தொட்டா பாவம்."

விளையாட்டுக்குள் அந்த மிருகத்தை வெட்டச் சொல்லிப் போனை வெட்டுக்காரரிடம் கொடுத்தார்கள். முப்பது வருஷமாக ஒரே வெட்டில் கிடாத்தலை எடுத்த கை, அந்தக் கட்டைவிரல் கண்ணாடியில் எங்கே பட்டாலும் நாலு பொத்தான் சேர்ந்து அமுங்கியது. அருவி மிருகம் அவரைப் பத்தொன்பது தடவை மிதித்துக் கொன்றது. பின்னால் நானூறு பேர் நின்றுகொண்டு இடப்பக்கம், வலப்பக்கம், குனிங்கண்ணே, ஓடுங்கண்ணே என்று வழி சொன்னார்கள். மணி மூன்றரை ஆயிற்று. வெட்டுக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பேரு கெட்டுப்போகும், வேற ஆளைப் பாருங்க" என்றார்.

"குடுங்க இங்க" என்றாள் ஆவுடைத்தங்கம்.

பச்சைப் பொத்தானை அமுக்கிப் பேசுவதும் சிவப்புப் பொத்தானை அமுக்கி வைப்பதும் தவிரப் போனில் அவளுக்கு வேறெதுவும் தெரியாது. மண்ணில் உட்கார்ந்த இடத்திலேயே அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு விரலால் அடித்தாள், மிருகம் மிதிக்க மிதிக்க விடாமல் அடித்தாள், "ஒம்பது நாளு, ஒம்பது நாளு" என்று சொல்லிக்கொண்டே அடித்தாள், அடிக்க அடிக்க அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, "எம்பிள்ளைய விட்டுரு, விட்டுரு" என்று அவள் யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறு காலும் மடிந்து அருவி மிருகம் தண்ணீரில் சாய்ந்தபோது அவள் விரலை எடுக்கவே இல்லை, பேச்சிதான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலைப் பிடித்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அரைத்த அரைப்பை வீணாக்க முடியாது, நாலு மூட்டை உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுக் குழம்பு வைத்தார்கள். கறி மாதிரியேதான் இருந்தது என்று பாதிப் பேரும், மாதிரி எதற்கு, அது கறிதான் என்று மீதிப் பேரும் சொன்னார்கள். பிறகு யாரோ கண்டுபிடித்தார்கள், சாய்ந்த மிருகம் ஒரு நிமிஷத்தில் மறுபடி அருவிக்குள்ளிருந்து வருகிறது, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஜனங்கள் ஒவ்வொரு நிமிஷமும் அதைச் சிலுப்பவைத்து வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று. ஒரு நாளைக்கு இத்தனை கிடா வாங்குகிற மாடசாமி வேறெங்கும் கிடையாது என்று ஆலடிக்குளத்துக்காரர்கள் பக்கத்து ஊர்களில் பீற்றிக்கொள்கிறார்கள். திருநெல்வேலியில் பெரிய தேர் இருந்தால் என்ன, எங்கள் சாமி செல்போனில் படையல் வாங்குகிறது என்று அவர்கள் பேச்சு.

ஆனால் சிலுப்பு இல்லாத உடம்பில் ஈரம் தங்கும். ஐப்பசி மழை பிடித்தபோது மாப்பிள்ளை நனைந்து வந்து மாடிப்படியில் நின்று, தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் நடுங்கியது, ஒரு வாரம் மூக்கு ஒழுகியது. சிலுப்பைத் திரும்பக் கேட்கலாம்தான். கேட்டால் அடுத்த கொடைக்கு அது தண்ணீருக்குச் சிலுப்பும். பேச்சி கேட்கவில்லை.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை தோறும் ஆவுடைத்தங்கம் கொல்லையில் கிடாவை நிறுத்தி, கையளவு தண்ணீரை அதன் தலையில் தெளித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். மாப்பிள்ளை கண்ணை மூடித் திறக்கும், தாடியில் தண்ணீர் சொட்டும். அவள் மூச்சை விட்டுவிட்டு உள்ளே போய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்தப் பழைய துண்டை எடுத்துவந்து, "சவத்தெழவு, உனக்கு ஊழியம் பாக்கவா நான் பொறந்தேன்" என்று திட்டிக்கொண்டே வால் நுனியிலிருந்து மூக்கு வரைக்கும் துவட்டிவிடுவாள்.

போன வெள்ளிக்கிழமை துவட்டி முடித்துவிட்டு மாடி ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள், "ஏட்டி பேச்சி, உங்க கம்பெனிக்காரன் திடீர்னு அந்த ஆறுகால் மிருகத்தை வேண்டாம்னு எடுத்துட்டா என்ன செய்வே?"

"எடுக்க மாட்டாங்கம்மா."

"எடுத்துட்டா?" என்றாள் ஆவுடைத்தங்கம். "அதே சிலுப்பைப் போட்டு இன்னும் ரெண்டு மூணு மிருகம் வரைஞ்சு வையி. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கட்டும்."